பழைய கம்ப்யூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோகிறது: எங்கே பார்ப்பது?

4 மார்ச் 2023, இரவு 9.40

2011இல் சேர்த்த வீட்டுக் கம்ப்யூட்டர். ஐ3-2100 பிராசசர், எச்61 மதர்போர்டு (இனி போர்டு), 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. நடுவில் ஒரு எஸ்எஸ்டி போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ளேயே இருக்கிறது. ஒரு மாதமாக இது திடீரென்று அணைந்துபோகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று முறை. போட்டவுடன் அணைவதில்லை, முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுத்தான்.

அணைந்தபின் பட்டனை அழுத்தினால் சில சமயம் உயிரே வராது. ஒயரைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்து மாட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொள்ளும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 (ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்ற பதிவு) வரிசையாக நிற்கிறது. உள்ளே திறந்தால் பக்செக்கோட் 0, அதாவது விண்டோஸ் முடங்கியதற்கான பிழை எண் எதுவும் இல்லை. கீழே இன்னும் ஏழெட்டு வரி. பெரும்பாலும் பூச்சியம், ஒன்றில் மட்டும் ஏதோ நீள எண். அது கிடக்கட்டும்.

என் சந்தேகம் சூடுதான். பிராசசரின் சூட்டை ஹீட் சிங்குக்குக் (அதைக் குளிர்விக்கும் உலோகத் தகடுகள்) கடத்தும் பேஸ்ட்டை இத்தனை வருடத்தில் மாற்றியதே இல்லை. அதற்கு முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

4 மார்ச், இரவு 11.15

"எப்படி அணைகிறது" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அணைகிறது என்று நாம் சொல்வதிலேயே பல விதம் இருக்கிறது. திரை மட்டும் கறுத்து ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் அது கிராபிக்ஸ் அல்லது மானிட்டர் விவகாரம். அணைந்து தானாகவே திரும்ப எழுந்தால் அது ரீஸ்டார்ட். விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத்திரையை நமக்குக் காட்டாமலே மறைத்துக்கொண்டு ரீஸ்டார்ட் செய்வதும் உண்டு. (அப்படி இருந்தால் பக்செக்கோட்டில் எண் இருக்கும். என்னுடையதில் இல்லை.) என் பெட்டி செய்வது மூன்றாவது வகை: ஃபேன், விளக்கு, டிஸ்க் சத்தம் எல்லாம் ஒரே அடியில் போய்விடும். மானிட்டர் சிக்னல் இல்லை என்று சொல்லும். மானிட்டரும் ரவுட்டரும் அதே பிளக் பலகையில்தான் மாட்டியிருக்கின்றன, அவை கண்ணிமைப்பதே இல்லை. ஆகவே வீட்டு மின்சாரத்தின் மேல் பழியில்லை.

41இன் நேரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம் என்று ஒருவர் சொன்னதும் சரி. அந்தப் பதிவை விண்டோஸ் எழுதுவது அடுத்த முறை எழும்போதுதான். செத்தவன் மரணச் செய்தி எழுத முடியாதல்லவா. எப்போது போனது என்பது 6008 என்ற பதிவில் இருக்கிறது.

வைரஸ் என்று சொன்னவருக்கு: இருக்கலாம் சார், ஆனால் நாளைக்குப் பெட்டியைத் திறந்துவிட்டுப் பேசுவோம்.

5 மார்ச், மதியம்

திறந்தேன். ஹீட் சிங்க் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கம்பளி இருந்தது. ஃபேன் இறக்கைகளுக்குக் கீழே தகடுகளின் இடுக்கு முழுக்கத் தூசி படர்ந்து, நகத்தால் எடுத்தால் துணிபோல் ஒரே துண்டாக உரிந்து வந்தது.

அதைவிடப் பெரிய விஷயம், ஹீட் சிங்கின் நான்கு கால்களில் ஒன்று போர்டில் பூட்டவே இல்லை. இந்த வகையில் கறுப்பு முனைகளை ஒவ்வொன்றாக அழுத்தி 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். மூன்று சரியாக இருந்தன. நான்காவது துளையின் விளிம்பில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அந்த மூலையில் மட்டும் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. எத்தனை வருடமாக இப்படி என்று தெரியவில்லை. அதை மாட்டியவன் நான்தான், ஆகவே ஆராயாமல் விடுகிறேன்.

துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, நான்கு கால்களையும் பூட்டி, போர்டின் பின்பக்கம் முனைகள் விரிந்திருக்கின்றனவா என்றும் பார்த்தேன். முன்பு வீடியோ ஓடும்போது 92 டிகிரி. இப்போது அதே வீடியோவுக்கு 54.

92இலிருந்து 54! கேட்டவர்கள் அனைவருக்கும் நன்றி, இத்துடன் முடிந்தது.

5 மார்ச், இரவு

முடியவில்லை. 51 டிகிரியில் அணைந்தது.

7 மார்ச்

இரண்டு நாள் கணக்கு: நேற்று ஒரு முறை, இன்று ஒரு முறை. முன்பு மூன்று. ஆகவே சூட்டுக்கு இதில் ஏதோ பங்கு இருக்கிறது, முழுப் பங்கு இல்லை.

யோசித்துப் பார்த்தால் நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். இந்த இன்டெல் பிராசசர்கள் எல்லையைத் தொட்டதும் உடனே செத்துவிடுவதில்லை. முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எல்லாம் ஜவ்வாக இழுக்கும். அப்படியும் சூடு ஏறிக்கொண்டே போனால்தான் கடைசியாக மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும். என் பெட்டி அணைவதற்கு முன் ஒருநாளும் இழுத்ததில்லை. நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே போகும்.

இன்று வைரஸ்காரருக்காக ஒரு சோதனை. பெட்டியைப் போட்டதும் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் சொந்த அமைப்புத் திரை) போய் அப்படியே விட்டுவிட்டேன். விண்டோஸ் இல்லை, டிரைவர் இல்லை, வைரஸுக்கு ஓட இடமே இல்லை. முப்பத்தைந்து நிமிடத்தில் அணைந்தது. ஆகவே வைரஸ், அப்டேட், டிரைவர் மூன்றும் வீட்டுக்குப் போகலாம். செலவில்லாத சோதனை இது. முதல் நாளே செய்திருந்தால் ரீஇன்ஸ்டால் செய்யச் சொன்னவர்களுக்கு நேரம் மிச்சம்.

பிறகு லினக்ஸ் யுஎஸ்பி போட்டுப் பார்த்தேன். ஒரு வேடிக்கை. நான் விசைப்பலகையைத் தொடவே இல்லை, திடீரென்று நடுத்திரையில் ஒரு பெட்டி வந்து "அணைக்கட்டுமா, ரீஸ்டார்ட் செய்யட்டுமா" என்று கேட்டது. வேண்டாம் என்றேன். சரி என்று ஒரு மணி நேரம் ஓடியது. விண்டோஸ் சொல்லாமல் சாகிறது, லினக்ஸ் கேட்டுவிட்டுத்தான் சாகும்போல. மரியாதை தெரிந்த சிஸ்டம்.

9 மார்ச்

ரேம்தான் என்று அடித்துச் சொன்ன நண்பருக்காக ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓடவிட்டேன். தூங்கப் போகும்போது இரண்டு சுற்று முடிந்து பிழை பூச்சியம். காலையில் பார்த்தால் பெட்டி அணைந்து கிடக்கிறது. "பார்த்தீர்களா, ரேம் சோதனையில் அணைந்தது" என்கிறார். சோதனையின்போது அணைந்தது, சோதனையால் அணையவில்லை. ரேம் கெட்டால் நீலத்திரை வரும், உறையும், எழ மறுத்துப் பீப் அடிக்கும். கோப்புகளைக்கூடக் கெடுக்கும். ஃபேனை நிறுத்தும் வேலை அதனுடையது இல்லை. ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான், கெட்டால் தேங்கும், முனகும். மொத்தப் பெட்டியையும் அணைக்காது. உள்ளே ஷார்ட் ஆனால் வேறு கதை.

போர்டில் இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி என்று சொன்னவருக்கும் அதே பதில். அது தீர்ந்தால் கடிகாரம் பின்னால் போகும், பயாஸ் அமைப்பு அழியும். என்னுடையது சரியான நேரம்தான் காட்டுகிறது. நாள் தவறாமல் சரியான நேரத்தில் அணைகிறது.

மிச்சம் எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை. அல்லது போர்டு.

11 மார்ச்

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பெட்டி ஓடும்போது எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் ஒயரில் (12 வோல்ட் இருக்க வேண்டும்) 11.71, சிவப்பில் (5) 5.06, ஆரஞ்சில் (3.3) 3.31. ஐந்து சதவிகிதம் ஏற இறங்க இருக்கலாம் என்பது விதி. 12 வோல்ட்டுக்கு 11.4 முதல் 12.6 வரை. எல்லாம் எல்லைக்குள்தான். 11.71 கொஞ்சம் சோர்வாகத் தெரிகிறது, ஆனால் குற்றம் என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு சிக்கல். மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. கண்ணிமைக்கும் நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து எழுந்தால் அதற்குத் தெரியாது. மேலே படியும் அலையும் தெரியாது. அதற்கு மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும், என்னிடம் இல்லை. ஆகவே மீட்டர் "கெட்டது" என்றால் நம்பலாம், "நல்லது" என்றால் முழுதாக நம்பக் கூடாது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக எழுப்ப அதன் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்துப் பார்க்கச் சொன்னார் ஒருவர். செய்தேன், ஃபேன் சுற்றியது. எஸ்எம்பிஎஸ் எழுகிறது என்பதைத் தவிர அதிலிருந்து வேறெதுவும் தெரியாது. படுத்திருப்பவன் கண் விழித்தான் என்பதற்காக மூட்டை தூக்குவான் என்று அர்த்தமில்லை.

அதைப் பிரித்து உள்ளே பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். ஒயரைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடும்.

போர்டின் கெப்பாசிட்டர்களைப் பார்த்தேன், உப்பல் எதுவும் இல்லை. இதற்கு முன் வைத்திருந்த பெட்டியில் பார்த்திருக்கிறேன். 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கவே கெட்ட கெப்பாசிட்டர்கள் புகுந்த காலம் ஒன்று இருந்தது. என்னுடையதிலும் பிராசசரைச் சுற்றி ஆறு, தலை உப்பி, உச்சியில் வெட்டியிருக்கும் கோடு பிளந்து, பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அந்தப் பெட்டி முதலில் காலையில் எழ அடம்பிடித்தது, பிறகு மதியம் வரை எழவில்லை, பிறகு எழவே இல்லை. இந்தப் போர்டில் பிராசசர் பக்கம் இருப்பவை தட்டையான தலை கொண்ட சாலிட் வகை. அந்தக் கதை இங்கே இல்லை.

12 மார்ச்

மச்சான் தன் பெட்டியிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் கொடுத்தார். "இது செத்தால் உன் பெட்டியை எடுத்துக்கொள்வேன்" என்றார். இந்த நிலையில் அது மிரட்டலா, உதவியா தெரியவில்லை.

ஒயர்கள் குட்டை. கேபினெட்டுக்குள் பின்பக்கமாக இழுத்துக் கட்ட முடியவில்லை. அதனால் கேபினெட்டை மேசையில் படுக்கப் போட்டு, முன் பேனலையும் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸைப் பக்கத்தில் வெளியே வைத்து மாட்டியிருக்கிறேன். பவர் பட்டன் முன் பேனலோடு போய்விட்டதால், போர்டில் இருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டு ஸ்டார்ட் செய்கிறேன். மகளுக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. பார்க்க அறுவைச் சிகிச்சை மேசைபோல் இருக்கிறது.

14 மார்ச்

அணையவில்லை.

17 மார்ச்

அணையவில்லை. நேற்று ஆறு மணி நேரம் ஓடியது.

21 மார்ச்

ஒன்பது நாள், ஒரு முறைகூட இல்லை. ஆகவே தீர்ப்பு: எஸ்எம்பிஎஸ். புதியதற்குச் சொல்லிவிட்டேன், மச்சானுடையது திரும்பப் போகிறது.

பின்னால் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன். பழைய எஸ்எம்பிஎஸ் சத்தமில்லாமல் கிழடாகும். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் மெல்ல மெல்லக் காயும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. சும்மா இருக்கும்போது மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டும். பிராசசர் திடீரென்று மின்சாரம் இழுக்கும்போதுதான் தள்ளாடும். வெளியே வரும் மின்சாரம் நன்றாக இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்லும் சாம்பல் நிற ஒயரின் சிக்னல் விழும், போர்டு நிற்கும். முக்கால் மணி நேரம் கழித்து அணைந்ததும், ஒயரைப் பிடுங்கி ஆறவைத்தால் எழுந்ததும் இதனால்தான். எல்லாம் பொருந்துகிறது. மீட்டரை நம்பாமல் மாற்றிப் பார்ப்பதுதான் ஒரே வழி.

25 மார்ச்

மேலே இருப்பதைப் படிக்க வேண்டாம்.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டி, ஒயர்களையெல்லாம் அழகாகக் கட்டி, முன் பேனல் போட்டு, கேபினெட்டை அதன் இடத்தில் நிற்கவைத்து மூன்று நாள். இன்று மாலை 7.42க்கு அணைந்தது. மகளின் பாதி எழுதிய பாடம் போனது.

அதோடு ஒரு புதுக் கூத்து. திரும்பப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, உடனே அணைகிறது. மறுபடி போட்டாலும் அதேதான். கோபத்தில் கேபினெட்டின் தலையில் ஒரு தட்டு தட்டினேன். எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆகவே போர்டுதான். 2011 போர்டை மாற்றுவதென்றால் அதே வகைப் பழைய போர்டைத் தேட வேண்டும். புதுப் போர்டு என்றால் பிராசசரும் ரேமும் சேர்ந்து மாறும். பெட்டியை மூட்டைகட்டி வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

26 மார்ச், காலை

இரவு ஒருவர் இரண்டே கேள்வி கேட்டிருந்தார். எழுந்து அணையும்போது எத்தனை நொடி? 41ஐ முழுதாக இங்கே போட முடியுமா, குறிப்பாக அந்த "நீள எண்"?

முதல் கேள்விக்கு: மகள் அந்தக் கூத்தைக் கைபேசியில் பிடித்து வைத்திருக்கிறாள், அப்பா திட்டுவதும் பதிவாகியிருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்து நான்கு நொடி. இரண்டாவது முறையும் நான்கு நொடி.

இரண்டாவது: அந்த வரியின் பெயர் பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப். 1332 என்று தொடங்கி 18 இலக்கம். விண்டோஸ் நேரத்தை இப்படித்தான் எழுதிவைக்கும், 1601 ஜனவரி 1இலிருந்து 100 நானோ நொடிகளாக எண்ணிக்கொண்டு வரும். நம் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன்: நேற்று மாலை 7.42.

அதாவது, அணைவதற்குச் சற்று முன் யாரோ பவர் பட்டனை அழுத்தினார்கள் என்று விண்டோஸ் எழுதிவைத்திருக்கிறது. யாரும் அழுத்தவில்லை. நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், மகள் பக்கத்தில்.

மார்ச் 4ஆம் தேதி இங்கே நானே எழுதியிருக்கிறேன்: "அது கிடக்கட்டும்".

26 மார்ச், மதியம்

காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்து யோசித்ததில் எல்லாம் ஒவ்வொன்றாக விழுகிறது.

பவர் பட்டன் நேராக மின்சாரத்தை வெட்டும் ஸ்விட்ச் இல்லை. இரண்டு ஒயர்களை ஒரு கணம் ஒட்டவைக்கும் சின்னப் பொத்தான், அவ்வளவுதான். ஒட்டியது என்ற செய்தி விண்டோஸுக்குப் போகும், என்ன செய்வது என்று விண்டோஸ் முடிவு செய்யும். ஆனால் நான்கு நொடி விடாமல் ஒட்டியிருந்தால் யாரையும் கேட்காமல் போர்டே அணைத்துவிடும். உறைந்துபோன கம்ப்யூட்டரை அழுத்திப் பிடித்து அணைக்கிறோமே, அதே விஷயம்.

அப்படியானால் ஒட்டியதும் விண்டோஸ் "ஷட் டவுன் ஆகிறது" என்று சொல்லியிருக்க வேண்டாமா? அங்கேதான் என் கைவண்ணம். மகள் தவழ்ந்த வயதில் எரியும் நீல விளக்கைப் பார்த்துப் போய் பட்டனை அமுக்குவாள். அதனால் பவர் ஆப்ஷனில் "பட்டனை அழுத்தினால் ஒன்றும் செய்யாதே" என்று வைத்தேன். அவளுக்கு இப்போது பதினொன்று. அந்த அமைப்பை ஒவ்வொரு விண்டோஸ் மாற்றத்துக்குப் பின்னும் பழக்கத்தில் திரும்ப வைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். விண்டோஸ் சொன்னதைச் செய்தது. வாயை மூடிக்கொண்டு நேரத்தை மட்டும் குறித்துவைத்தது.

லினக்ஸில் அந்த அமைப்பு இல்லை. அதனால் அது கேட்டது. "மரியாதை தெரிந்த சிஸ்டம்" என்று நான் சிரித்தேனே, அது பட்டன் அழுத்தப்பட்டதும் வரும் கேள்வி. அன்று ஒரு கணம்தான் ஒட்டியிருக்கும், நான்கு நொடி ஆகவில்லை, அதனால் பிழைத்தது. குற்றவாளியின் முகம் திரையில் தெரிந்தது, நான் வேண்டாம் என்று சொல்லி மூடினேன்.

பயாஸிலும் மெம்டெஸ்ட்டிலும் அணைந்தது? அங்கே பேச விண்டோஸ் இல்லை. நான்கு நொடிகூட வேண்டாம், தொட்டாலே அணையும்.

எழாமல் கிடந்தது? பட்டன் ஏற்கெனவே ஒட்டியபடி இருந்தால் நான் அழுத்துவது புது அழுத்தலாகவே பதிவாகாது.

மச்சானின் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒன்பது நாள் ஓடியது? முன் பேனலே கழற்றி வைத்திருந்தேன். பட்டன் சர்க்யூட்டிலேயே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் இரண்டை மாற்றியிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று மற்றவர்களுக்கு நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

27 மார்ச்

இதெல்லாம் இன்னும் கணிப்புதான், அதனால் சோதனை. பெட்டியைப் போட்டு, விண்டோஸ் வந்ததும், போர்டிலிருந்து பவர் ஸ்விட்ச் ஒயரை மட்டும் உருவிவிட்டேன். பேனல் அதன் இடத்தில், கேபினெட் நின்றபடி, புது எஸ்எம்பிஎஸ் அப்படியே.

அந்த இரட்டை ஒயரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தேன். ஒட்டினால் சத்தம் வரும் நிலையில். பட்டனைத் தொடாதபோது அமைதி. அழுத்தினால் பீப். விட்டால் அமைதி. சரியாகத்தானே இருக்கிறது என்று மனம் தளர்ந்து மீட்டரை அப்படியே விட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். ஐம்பது நிமிடம் இருக்கும், அறையில் யாரும் அசையாதபோது மீட்டர் "பீ..." என்று அழ ஆரம்பித்தது. விட்டு விட்டு, பிறகு தொடர்ந்து. பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஒயர்தான் போர்டில் இல்லையே. இத்தனை நாளில் அந்தச் சத்தத்தைவிட இனிமையாக எதுவும் கேட்கவில்லை.

பேனலைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே தெரியும் பெரிய பட்டன் வெறும் பிளாஸ்டிக் மூடி. அதன் பின்னால் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சின்ன ஸ்விட்ச், உள்ளே குமிழ்போல் வளைந்த மெல்லிய உலோகத் தகடு. அழுத்தினால் குமிழ் உள்வாங்கி ஒட்டும், விட்டால் மீளும். என்னுடையதில் 'டிக்' சத்தமே இல்லை, சொதசொதவென்று இருக்கிறது. மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளில் ஒன்று முறிந்திருக்கிறது. மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஸ்விட்சின் மேல் எப்போதும் லேசாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேர் பின்னால் ஒரு விரல் இடைவெளியில் ஹார்ட் டிஸ்க். அது சூடாகி, பிளாஸ்டிக் கொஞ்சம் விரிந்தால் போதும்.

முக்கால் மணி நேரக் கணக்கு அதுதான். தூசி எடுத்ததும் மூன்று ஒன்றானதும் அதுதான், உள்ளே காற்று குளிர்ந்தது. ஒயரைப் பிடுங்கி நான் ஆறவைத்தது எஸ்எம்பிஎஸ்ஸை இல்லை, ஒரு பிளாஸ்டிக் மூடியை.

2 ஏப்ரல்

ஆறு நாள் ஒயர் இல்லாமல் ஓடியது. ஸ்க்ரூ டிரைவர் வைத்தியம் போதும் என்று ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்து பவர் ஸ்விட்ச் பின்களில் மாட்டிவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரி ஸ்விட்ச்தான், எந்த ஒயர் எந்தப் பக்கம் என்ற கவலைகூட இல்லை. விளக்குக்கான ஒயர்களுக்குத்தான் திசை உண்டு. ரீசெட் பட்டனைப் பன்னிரண்டு வருடத்தில் பத்து முறை அழுத்தியிருப்பேன். அதன் 'டிக்' புத்தம் புதிதாக இருக்கிறது.

கணக்கையும் சரிபார்த்துவிடுகிறேன். பதிவில் இன்னும் மிஞ்சியிருக்கும் 41கள் மொத்தம் 17. அதில் 14இல் நீள எண், 3இல் பூச்சியம். பூச்சியத்தில் இரண்டு, அவசரத்தில் நானே பின்பக்க ஸ்விட்சை அணைத்த நாட்கள். மிச்சம் ஒன்று பிப்ரவரியில், ஹீட் சிங்க் மூன்று காலில் நின்ற காலம். அது உண்மையாகவே சூடாக இருக்கலாம். ஆகவே முதல் நாள் என் சந்தேகம் முழுப் பொய் இல்லை, பதினேழில் ஒன்று.

பூச்சியம் இருந்தால் பட்டன் இல்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம், பயாஸில் அணைந்ததெல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது. நீங்கள் பட்டனை அழுத்தாமலே எண் இருந்தால், முதலில் பட்டனைப் பாருங்கள், அதற்கு முன் வேறு எதையும் தொடாதீர்கள்.

பட்டன் அமைப்பை "ஷட் டவுன்" என்று மாற்றிவிட்டேன். இனி ஒட்டினால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

9 ஏப்ரல்

லேப்டாப்பில் இதே பிரச்சினை, இதே வழியா என்று கேட்டவருக்கு: 41ஐயும் அந்த எண்ணையும் முதலில் பாருங்கள், அது பொதுவானது. ஆனால் லேப்டாப்பில் நான் முதலில் சந்தேகப்படுவது பேட்டரியை. 30 சதவிகிதம் காட்டிக்கொண்டே பொசுக்கென்று போனால் பேட்டரிதான். சார்ஜரில் மாட்டியிருக்கும்போது அணைவதே இல்லை, கழற்றினால் மட்டும்தான் என்றால் உறுதி. அடிப்பக்கம் உப்பியிருந்தால் சோதனையெல்லாம் வேண்டாம், உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கெட்டது என்று நான் எழுதியது மனதை உறுத்தியதால் நேற்று அதையே திரும்ப மாட்டினேன். நேற்று பகல் முழுக்க ஓடியது, இன்றும் ஓடுகிறது, அதே 11.71. புதியது அதன் அட்டைப்பெட்டிக்குள் சும்மா இருக்கிறது. மச்சான் அதைப் பார்த்து, தன்னுடையதும் பழையதுதான் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

30 ஏப்ரல்

அணையவில்லை. ஒரே தொல்லை, வீட்டில் எல்லோரும் பழக்கத்தில் அந்தப் பெரிய பட்டனையே அமுக்கிவிட்டு "கம்ப்யூட்டர் மறுபடி போச்சு" என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். அதன் மேல் டேப் ஒட்டிவிட்டேன். மகள் அதில் "இவர்தான்" என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறாள்.